பித்தவெடிப்புக் களிம்பு... பதம் தவறாமல் வர என்ன செய்யலாம்?

சென்னையில், மே மாத வெயிலில் செய்த களிம்பு அது. தேன்மெழுகும் தேங்காய் எண்ணெயும் மட்டும்தான். விரலால் தொட்டால் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. அம்மாவின் குதிகால் வெடிப்புக்காகச் செய்தது. ஒரு டப்பாவை நிரப்பிக் கோத்தகிரிக்குக் கொடுத்து அனுப்பினேன்.

நாலாம் நாள் போன் வந்தது. ``என்னடி இது, கல்லு மாதிரி இருக்கு? ஸ்பூனால சுரண்டி எடுத்து அழுத்தித் தேய்ச்சேன். வெடிப்புல ரத்தமே வந்துடுச்சு!''

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. ரத்தம் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அதே டப்பா, அதே களிம்பு. இங்கே வெண்ணெய், அங்கே கல். ஏன்?

தேங்காய் எண்ணெய் செய்யும் வேலை

தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரி செல்சியஸில் உறையும். சென்னையில் அது பெரும்பாலும் எண்ணெயாகவே இருக்கும். அதனால் களிம்பை இறுக்கிப் பிடிப்பது தேன்மெழுகு மட்டும்தான். மலையில் எண்ணெயும் சேர்ந்து உறைந்துவிடுகிறது. மெழுகோடு அதுவும் இறுகினால் கல்லாகாமல் என்ன செய்யும்? சமவெளியில்கூட மார்கழியில் செய்ததும் சித்திரையில் செய்ததும் ஒரே மாதிரி இல்லாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம்.

நல்லெண்ணெய் நம் ஊர்க் குளிருக்கு உறையாது. ஆகவே, எண்ணெயில் ஒரு பங்கை நல்லெண்ணெயாக மாற்றினாலே பாதிப் பிரச்னை தீரும். இப்போது நான் வைத்திருக்கும் கணக்கு இது.

* வெயில் ஊருக்கு: தேன்மெழுகு 20 கிராம், தேங்காய் எண்ணெய் 40 கிராம், நல்லெண்ணெய் 40 கிராம்.
* குளிர் ஊருக்கு: தேன்மெழுகு 15 கிராம், நல்லெண்ணெய் 85 கிராம். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.

ஸ்பூன் கணக்கு வேண்டாம்

துருவிய மெழுகு ஒரு ஸ்பூன் என்றால், எவ்வளவு அழுத்தி எடுத்தோம் என்பதைப் பொறுத்து எடை மாறும். சாம்பாரில் ஒரு சிட்டிகை கூடினால் சமாளிக்கலாம். சின்ன டப்பா களிம்பில் 3 கிராம் மெழுகு கூடினாலே பதம் போய்விடும். எண்ணெய், மெழுகு இரண்டையும் கிச்சன் தராசில் எடை போடுங்கள்.

மெழுகையும் கவனித்து வாங்குங்கள். நல்ல தேன்மெழுகில் தேன் வாசனை இருக்கும். மெழுகுவத்தி மெழுகு கலந்திருந்தால் அதே எடைக்கும் பதம் வேறு மாதிரி வரும்.

உருக்குவதும் ஊற்றுவதும்

தேன்மெழுகு உருக 62 முதல் 65 டிகிரி சூடு வேண்டும். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்து, முதலில் மெழுகை உருக்குங்கள். அதில் குளிர்ந்த எண்ணெயை ஊற்றினால் மெழுகு சட்டென்று திரிதிரியாக உறையும். பயப்பட வேண்டாம், சூட்டிலேயே வைத்துக் கிளறினால் மறுபடி கரையும். ஒரு துணுக்குகூட மிதக்காமல் தெளிவான பிறகே இறக்க வேண்டும்.

இறக்கியதும் ஊற்றிவிடாதீர்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆறும்போது சுருங்கி நடுவில் குழி விழும். ரொம்ப ஆறவிட்டால் கட்டிகட்டியாக விழும். ஓரத்தில் லேசாக மங்கத் தொடங்கும் நேரம்தான் சரி. டப்பா ஈரமில்லாமல், வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஃபேன் காற்று படாமல், அசைக்காமல் ஆறவிடுங்கள்.

பாகு பதம் மாதிரி ஒரு பதம்

அதிரசத்துக்குப் பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்போம் இல்லையா? இதற்கும் அப்படி ஒரு சோதனை உண்டு. ஊற்றும் முன் ஒரு சொட்டை எவர்சில்வர் ஸ்பூனில் விட்டு, 10 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்து அறைச் சூட்டுக்கு வந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். குளிர் ஊருக்கு என்றால் சில்லிப்பு இருக்கும்போதே பாருங்கள். இறுக்கமாக இருந்தால் 5 கிராம் எண்ணெய், இளக்கமாக இருந்தால் 2 கிராம் மெழுகு சேர்த்து மறுபடி உருக்குங்கள்.

மணல் மாதிரி நறநறத்தால்?

ஷியா பட்டர் சேர்ப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. அதிலுள்ள கொழுப்புகள் எல்லாம் ஒரே சூட்டில் உறைவதில்லை. மெதுவாக ஆறினால் சீக்கிரம் உறையும் கொழுப்பு தனியாகத் திரண்டு குருணையாகிவிடும். கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. முழுவதும் உருக்கி, டப்பாவில் ஊற்றியதும் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் உறையவிட்டால் வழவழப்பு திரும்பிவிடும்.

இவை வேண்டாமே...

கற்றாழைச் சாறு, பன்னீர், எலுமிச்சைச் சாறு எதையும் இதில் சேர்க்காதீர்கள். நீர் எண்ணெயோடு சேராமல் பிரிந்து நிற்கும், பூஞ்சையும் பிடிக்கும். ஈரக் கையால் எடுப்பதும் அப்படியே. சிக்கு வாடை வந்தால் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ரத்தம் கசியும் வெடிப்பு, சீழ், வீக்கம் இருந்தால் களிம்பு மருந்தாகாது. சர்க்கரை நோயாளிகள் காலில் சின்னப் புண் என்றாலும் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும். அம்மாவுக்கும் புண் ஆறி, டாக்டர் சரி என்று சொன்ன பிறகே புது டப்பா அனுப்பினேன்.

இப்போது ஒவ்வொரு முறையும் தேதி, எடை, எந்த ஊருக்கு என்பதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். `கைராசி' என்று நான் நம்பியிருந்தது உண்மையில் சென்னை வெயில் செய்த உதவி என்பது அந்த நோட்டைப் புரட்டும்போதுதான் தெரிகிறது. போன வாரம் அம்மா பேசினார். ``இந்தத் தடவை விரல்லயே வருதுடி. ஸ்பூனே வேண்டாம்.''