படத்தோடு எழுத்தும் வேண்டும்

நெய்த துணி விலைபோனால்தான் நெசவாளர் இல்லத்தில் அடுப்பெரியும். ஆதலின் சங்கத்தின் அறிவிப்பு மக்களைச் சென்றடைதல் இன்றியமையாதது.

கைப்பேசியில் அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்புதல் போதாது. படத்துள் அமைந்த எழுத்தைப் பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் செயலி தவறவிடக்கூடும். தேடுவோர்க்கும் அது எளிதில் அகப்படாது. எனவே, சேலையின் நூல் நம்பர், நீளம், விலை, விற்பனை நாள், சங்க முகவரி ஆகியவற்றைப் படத்தின்கீழ் யூனிகோடு தமிழில் தட்டச்சு செய்தல் வேண்டும். பழைய எழுத்துருவில் அடித்தவை பிறர் கருவியில் பொருளற்ற குறிகளாய்ச் சிதறக்கூடும்.

சேலையைப் பகல் வெளிச்சத்தில், நிறத்தைக் கூட்டாது படமெடுத்தல் நலம். படத்தில் ஒரு நிறமும் கையில் வேறு நிறமுமாயின், வாங்கியவர் மீண்டும் வாரார்.

சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் ஆகஸ்டு 7 தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு முன்னரே நம் அறிவிப்புகளை இம்முறையில் ஆயத்தம் செய்வோமாக.