இடுப்பில் துப்பாக்கி, கையில் விசில்

பார்சிலோனா கால்பந்து அணியில் ஆடியவர் பாகோ புரூ. 1936 ஸ்பெயின் கோப்பை இறுதியில், மாட்ரிட் அணியின் பயிற்சியாளராக வந்து அதே பார்சிலோனாவை 2-1 எனத் தோற்கடித்தவரும் அவரே!

இடையில் நடுவராகவும் இருந்தார். முதல் ஆட்டத்துக்கு முன் வீரர்களின் அறைக்குள் போய், கைத்துப்பாக்கியை எடுத்துக் காட்டிவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாராம். அப்புறம் யார் வாயைத் திறப்பார்கள்?

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில்தான் ஸ்பெயின் தேசிய அணி முதன்முதலாகக் களமிறங்கியது. பயிற்சியாளர் புரூ. டென்மார்க்கை 1-0 என வென்று தொடங்கிய அணி, வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது.

1930இல் முதல் உலகக் கோப்பை. அதில் பெரு அணிக்குப் பயிற்சியாளர் இவர்தான். இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. ஆனாலும் கோப்பையை வென்ற உருகுவேயிடம் பெரு விட்டது ஒரே ஒரு கோல்.