‘குளிருதாம்மா?’ என்று கேட்டால் போதாது

ஜனவரி மாதம், காலை ஆறு மணி. கோத்தகிரிக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவின் அடியில் எங்கள் வீடு. வாசலில் நின்ற பைக்கின் சீட்டில் உப்பைத் தூவியதுபோல் உறைபனி படர்ந்திருந்தது. ஊட்டியில் கண் டாக்டரைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போக வேண்டும். கம்பளிக் கையுறை போட்ட கையாலேயே சீட்டைத் துடைத்துவிட்டு அம்மா ஏறி உட்கார்ந்தார்.

கட்டபெட்டு தாண்டியதும், “குளிருதாம்மா?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் இல்லப்பா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு.”

ஊட்டியில் இறங்கியபோது ஹெல்மெட் வாரின் கொக்கியை அம்மாவால் கழற்ற முடியவில்லை. கட்டைவிரல் கொக்கியின் மேல் இருக்கிறது, அழுத்தவும் பார்க்கிறார், ஆனால் விரலில் வலுவே இல்லை. கையுறையை நான்தான் உருவினேன். உள்ளே ஈரம். விரல் நுனிகள் மெழுகுபோல் வெளுத்திருந்தன. உள்ளங்கையின் குறுக்கே, வழியெல்லாம் பிடித்துவந்த பின்கம்பியின் தடம் அப்படியே பதிந்திருந்தது.

அந்தக் கைதான் முப்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் அம்மாவை வண்டியோடு சேர்த்துப் பிடித்திருந்தது. கொக்கியை அழுத்த முடியாத விரல், நான் திடீரென்று பிரேக் அடித்திருந்தால் கம்பியை எப்படிப் பிடித்திருக்கும்? அன்றிலிருந்து, பின்சீட்டில் இருப்பவரின் கை ஏன் குளிர்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்பதைத் தேடிப் படித்தும் செய்து பார்த்தும் வருகிறேன்.

உடல் போடும் கணக்கு

மூளை, இதயம், கல்லீரல் ஆகியவை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில் இருந்தாக வேண்டும். விரல்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. குளிர் கூடும்போது உடல் முதலில் சிக்கனம் பிடிப்பது அங்கேதான்.

விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் தோலுக்கு அடியில், தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்கு நாளங்கள் நிறைய இருக்கின்றன. உடலில் சூடு மிஞ்சினால் இவை விரிந்து, வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டதுபோல் ரத்தத்தைப் பாய்ச்சும். உடல் குளிரத் தொடங்கினால் நரம்புகளின் கட்டளைப்படி இறுக மூடிக்கொள்ளும். திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இடையே விரலின் ரத்த ஓட்டம் பல பத்து மடங்கு மாறுபடும்.

விரலுக்குள் சூட்டை உண்டாக்கும் தசையும் கிடையாது. விரலை மடக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் கயிறுபோல் வந்து விரலை இழுக்கின்றன. ஆகவே விரலின் சூடு ரத்தம் கொண்டுவந்து கொடுப்பதுதான். முன்கை குளிர்ந்தால் பிடியின் வலு குறையும். விரல் குளிர்ந்தால் நுணுக்கம் போகும். விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது சின்னச் சின்ன வேலைகள் தடுமாறும். 8 டிகிரி அளவுக்கு வந்துவிட்டால் தொடு உணர்வே மரத்துப்போகும்.

உடல் விரலை முற்றிலும் கைவிட்டுவிடுவதும் இல்லை. கடுங்குளிரில் வைத்த விரலில் சில நிமிடங்களுக்குப் பிறகு நாளங்கள் தாமாகவே சற்றே விரிந்து, மறுபடி சுருங்கி, மறுபடி விரிவதை 1930-இல் பிரிட்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ் விவரித்தார். விரல் செத்துப்போகாமல் காக்கும் ஏற்பாடு இது. ஆனால் நடு உடம்பே குளிர்ந்திருந்தால் இந்த ஏற்பாடும் மங்கிவிடும். கையின் விதி நெஞ்சில் எழுதப்படுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

காற்று கொண்டுபோகும் சூடு

அசையாத காற்றில் நம் தோலை ஒட்டி மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் ஒன்று தங்கியிருக்கும். அதுதான் நம் முதல் போர்வை. வண்டி ஓடத் தொடங்கியதும் எதிர்காற்று அந்தப் போர்வையை உருவிக்கொண்டே இருக்கிறது.

இதை முதலில் அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரு அமெரிக்கர்கள். 1940-களின் தொடக்கத்தில் அன்டார்க்டிகாவில், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடுவையைக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். காற்று வேகமாக வீச வீசத் தண்ணீர் சீக்கிரம் உறைந்தது. 2001-இல் திருத்தப்பட்ட கணக்கின்படி, 5 டிகிரி குளிரில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 1 டிகிரி போல இருக்கும். வெப்பம் பூஜ்யமாக இருந்தால் அதே வேகத்தில் மைனஸ் 7 டிகிரிபோல் உறைக்கும். குளிர்காலத்தில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் பூஜ்யம் என்பது அதிசயமே இல்லை.

இங்கே ஒரு தெளிவு வேண்டும். 5 டிகிரி குளிரில் காற்று எவ்வளவு வீசினாலும் விரல் 5 டிகிரிக்குக் கீழே குளிராது, ஏனென்றால் காற்றின் வெப்பமே 5 டிகிரிதான். காற்று கூட்டுவது சூடு பறிபோகும் வேகத்தை. ஈரம் சேர்ந்தால் மட்டும் கதை இன்னும் மோசமாகும்.

தடித்த பொருளைவிட மெல்லிய பொருளின் மேல் காற்றுப் படலமும் மெல்லியது. ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனுள்ள விரலும் ஒன்பது சென்டிமீட்டர் தடிமனுள்ள முன்கையும் ஒரே காற்றில் இருந்தால், ஒரே அளவு தோலிலிருந்து விரல் இழக்கும் சூடு இரண்டு மடங்குக்கு மேல். சின்னக் கை உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சீக்கிரம் விறைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்சீட்டின் சங்கடம்

ஓட்டுபவரின் கை நேராகக் காற்றில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவர் கிளட்ச் பிடிக்கிறார், பிரேக் அழுத்துகிறார், ஆக்சிலரேட்டரை முறுக்குகிறார். கை ஓயாமல் வேலை செய்கிறது. பின்னால் இருப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடலில் சுமார் 100 வாட் சூடுதான் உற்பத்தியாகும். அது ஒரு பழைய குண்டு பல்பின் அளவு.

அடுத்தது கம்பி. பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு மோட்டார் வாகன விதி. அந்தப் பிடிமானம் பெரும்பாலும் இரும்பு அல்லது அலுமினியம். மரத்தைவிட இரும்பு பல நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். இரவெல்லாம் பனியில் நின்ற கம்பியைப் பிடித்தால், உள்ளங்கையின் சூடு உள்ளே பாய்ந்து, கம்பியின் மறுபுறத்தில் அடிக்கும் காற்றில் கரைந்துபோகும். இறுக்கிப் பிடிக்கும்போது கையுறைக்குள் இருக்கும் காற்றும் நசுங்கி வெளியேறிவிடுகிறது. கையுறையில் நம்மைக் காப்பது நூலைவிட நூலுக்கு இடையில் தங்கிய காற்றுதான். அது போனபின் கையுறை வெறும் துணி. அம்மாவின் உள்ளங்கையில் பதிந்த தடத்துக்கு இதுதான் பொருள்.

மூன்றாவது ஈரம். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். உறைபனி துடைத்த கையுறையில் 10 மில்லி தண்ணீர் ஏறியிருந்தால், அது உலர 24,000 ஜூல் தேவை. அதில் கணிசமான பங்கு கையிலிருந்துதான் போகும். வழியில் நிறுத்திக் குடிக்கும் 100 மில்லி சூடான டீ உடம்புக்குக் கொடுப்பது சுமார் 10,000 ஜூல். சீட்டைத் துடைத்த ஒரு கையுறை இரண்டு டீயைக் குடித்துவிடும்.

பின்சீட்டின் வசதி

ஆனால் பின்னால் இருப்பவருக்கு ஓட்டுபவருக்கு இல்லாத ஒரு சுதந்திரம் உண்டு. அவர் எந்த லீவரையும் இயக்க வேண்டியதில்லை. ஆகவே விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்காத, நான்கு விரலும் ஒரே பைக்குள் இருக்கும் கையுறையை அவர் போடலாம். குழந்தைகளுக்குப் போடும் மாதிரிதான். விரல்கள் ஒன்றையொன்று அணைத்துக்கொண்டு சூட்டைப் பகிர்ந்துகொள்ளும். காற்றுக்குக் காட்டும் பரப்பும் குறையும். மேலே காற்றும் தண்ணீரும் புகாத ஓர் உறை, உள்ளே கம்பளி என இரண்டு அடுக்காக இருந்தால் நல்லது. இறுக்கமாக இருக்கக் கூடாது. உள்ளே விரலை அசைக்க இடம் வேண்டும். கையுறையின் வாய் ஜெர்கின் கைக்கு மேலேயோ உள்ளேயோ நன்றாக ஏறியிருக்க வேண்டும். மணிக்கட்டில் தமனி தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, நாடி பார்ப்பதே அங்கேதான். அந்த இரண்டு விரற்கடை இடைவெளியில் காற்று பட்டால், விரலுக்குப் போகும் ரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும்.

இன்னொரு வசதி, முன்னால் இருக்கும் ஆள். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் காற்று அடங்கிய ஓர் இடம் இருக்கிறது. ஆனால் அவருடைய விலாவை ஒட்டி இருபுறமும் காற்று வேகமெடுத்துப் பாயும். கையை அவர் இடுப்பின் பக்கவாட்டில் வைத்தால் நேராக அந்த ஓட்டத்தில் மாட்டும். அவர் ஜெர்கினின் பக்கப் பையை ஒட்டி, வயிற்றுப் பக்கமாக நெருக்கிப் பிடித்தால் அவருடைய சூடும் கிடைக்கும், பிடியும் கிடைக்கும். பைக்குள் கையை விடுவதானால், சட்டென்று வெளியே எடுக்க முடியும்படி பை அகலமாக இருக்க வேண்டும். ஜிப்புக்குள் சிக்கிய கை, வண்டி சாயும்போது உதவிக்கு வராது.

கம்பியைத்தான் பிடிக்க வேண்டும் என்றால், பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதன்மேல் இறுக்கமாகச் சுற்றிவிடுங்கள். ரப்பர் சூட்டை எளிதில் கடத்தாது, வழுக்கவும் செய்யாது. எங்கள் வண்டியில் இதைச் சுற்ற கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

நெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

கையுறைக்குச் செலவழிப்பதற்கு முன் நெஞ்சைக் கவனியுங்கள். உடலின் நடுப்பகுதியைச் சூடேற்றும் மேலாடை போட்டு, உறைநிலைக்குக் கீழே பலரை உட்கார வைத்து ஆய்வு செய்திருக்கிறார்கள். நெஞ்சில் சூடு மிஞ்சியபோது, உடல் தானாகவே அந்தக் குறுக்கு நாளங்களைத் திறந்து, விரல்களுக்கு ரத்தத்தை அனுப்பியது.

நமக்கு அந்த மின்சார மேலாடை வேண்டாம். வீட்டில் இருக்கும் ரப்பர் வெந்நீர்ப் பை போதும். 60 டிகிரி சூட்டில் அரை லிட்டர் தண்ணீர், 35 டிகிரிக்கு ஆறுவதற்குள் 50,000 ஜூலுக்கு மேல் வெளிவிடும். ஒரு மணி நேரப் பயணத்தில் அது 15 வாட் ஹீட்டருக்குச் சமம். துண்டில் சுற்றி, ஸ்வெட்டருக்கு மேலே, ஜெர்கினுக்கு உள்ளே, வயிற்றோடு வைத்துக்கொள்ள வேண்டும். வெறும் தோலில் படக் கூடாது. மலையிறங்கும் சைக்கிள் பந்தய வீரர்கள் சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வதை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் காலங்காலமாகப் பார்க்கலாம். இரண்டு தாள் செய்தித்தாள் காற்றை அற்புதமாகத் தடுக்கும். கழுத்துக்கு மஃப்ளர், காதுக்குக் குல்லா இரண்டும் கைக்கான மருந்துதான். மஃப்ளரின் நுனி வெளியே தொங்காமல் உள்ளே செருகியிருக்கட்டும். சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கு ஆபத்து.

கடைகளில் கிடைக்கும் சூட்டுப் பொட்டலங்களும் பயன்படும். அவற்றுள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரித்தூள் போன்றவை. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிறது, அப்போது வெளிவரும் வெப்பம்தான் நாம் உணர்வது. ஆகவே காற்றே புகாத உறைக்குள் அடைத்தால் அது அணைந்துவிடும். கையின் பின்புறத்தில், உள் கையுறைக்கு மேலே வைப்பது நல்லது.

சில எச்சரிக்கைகள்

மரத்த கையை சைலன்சரிலோ என்ஜினிலோ காட்டவே கூடாது. சுடுகிறது என்று சொல்ல வேண்டிய நரம்பே தூங்கிக்கொண்டிருக்கிறது, தோல் வெந்த பிறகுதான் தெரியும். கொதிக்கும் வெந்நீரில் கையை விடுவதும் அப்படியே. வெதுவெதுப்பான நீர், சொந்த அக்குள், கையில் பிடித்த டீ கிளாஸ் ஆகியவை போதும். டீ உடம்பின் வெப்பத்தை ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குகூட உயர்த்தாது, அந்த கிளாஸைச் சுற்றிப் பிடிக்கும் விரல்களுக்குத்தான் லாபம். கையை நீட்டிக் காற்றாடிபோல் சுழற்றினால் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். சிகரெட் நாளங்களைச் சுருக்கும். மது அவற்றை விரித்து, சூடு ஏறியதுபோல் ஏமாற்றி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே விட்டுவிடும்.

லேசான குளிரிலேயே விரல் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்து குத்துகிறது என்றால் அது ரேனோ என்ற நாளச் சுருக்கமாக இருக்கலாம். 1862-இல் பிரான்ஸ் மருத்துவர் மொரீஸ் ரேனோ விவரித்தது. ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகளாலும் கை குளிரும். சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தவர்களுக்குக் கை விறைப்பதே தெரியாமல் போகலாம். இவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

கேட்க வேண்டிய கேள்வி

எல்லாவற்றிலும் முக்கியமானது ஓட்டுபவர் செய்ய வேண்டியது. நம் வீட்டுப் பெரியவர்களிடம் “குளிருதா?” என்று கேட்டால் “இல்ல” என்றுதான் பதில் வரும். பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற மனசு அது. மரத்த விரல் வலிப்பதும் இல்லை, ஆகவே அந்தப் பதில் பொய்யும் இல்லை. வாய்ப் பேச்சை நம்பாமல் விரலைத்தான் கேட்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரம் கட்டுங்கள். கையுறையைக் கழற்றி, கட்டைவிரலால் சுண்டுவிரல் நுனியைத் தொடச் சொல்லுங்கள். மலையேறுபவர்களின் பழைய சோதனை இது. தொட முடியவில்லை என்றால் பயணம் அங்கேயே நிற்கட்டும், கை தேறிய பிறகு தொடரலாம்.

அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி போனோம். சீட்டை நான் பழந்துணியால் துடைத்தேன். அம்மாவின் ஜெர்கினுக்குள் வெந்நீர்ப் பை. கட்டபெட்டில் நிறுத்தி, “தொட்டுக் காட்டும்மா” என்றேன். இரண்டு கையிலும் சுண்டுவிரலைத் தொட்டுக் காட்டினார். பிறகு, “எங்க, உன் கையக் காட்டு” என்றார்.

என் கட்டைவிரல் மோதிரவிரலைத் தாண்டவில்லை. அம்மா வெந்நீர்ப் பையை எடுத்து என் கையில் வைத்தார். பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் கிளம்பினோம்.