கைச்சுற்றளவு சொல்லும் கணக்கு

தர்மபுரி மாவட்டத்து அங்கன்வாடிகளில் மாதாமாதம் குழந்தைகளுக்கு எடை போடுகிறார்கள். பென்னாகரமானாலும் சித்தேரி மலையானாலும் கிடைப்பது ஒரே எண்: இத்தனை கிலோ. அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, நீர் எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. கடும் சத்துக்குறைவில் கால் வீங்கிய குழந்தை, சேர்ந்த நீரின் எடையால் தேறிவிட்டதுபோல் ஏமாற்றிவிடும். அதனால்தான் புறங்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறார்கள். விரலை எடுத்தபின்னும் பள்ளம் நின்றால் அது நீர்.

ஊசி குத்தாமல் உடம்பின் உள்ளே எட்டிப் பார்க்க வசதியான இடம் மேல்கை. கையைத் தளரத் தொங்கவிட்டு, தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நட்டநடுவில் நாடாவைச் சுற்ற வேண்டும். இழுத்துப் பிடித்தால் சதை அமுங்கும். தொளதொளவென்று விட்டால் அளவு கூடும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, 11.5 செ.மீ.க்குக் கீழ் கடும் மெலிவு; 12.5க்குக் கீழ் மிதமான மெலிவு.

தத்தித் தத்தி நடக்கும் ஒரு வயதுக்கும் ஓடியாடும் நாலு வயதுக்கும் ஒரே கோடா? ஆம். ஒரு வயதுக்குமேல் கொழுகொழுப்பு கரையக் கரைய தசை ஏறுகிறது. கை நீளுமே தவிர, சுற்றளவு அவ்வளவாக மாறாது. பிறந்த தேதி தெரியாத குழந்தையையும் அளந்துவிடலாம்.

நாடாவும் இல்லையென்றால் வளையல் சோதனை. உள்விட்டம் 4 செ.மீ. உள்ள வளையத்தைக் கைவழியே ஏற்றுவார்கள்; முழங்கையைத் தாண்டி மேலேறினால் குழந்தை மெலிந்திருக்கிறது. நாலை 3.14ஆல் பெருக்கிப் பாருங்கள், 12.56. நாடாவில் இருக்கும் அதே கோடுதான்!

ஆனால் நாடா தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. அதற்குக் காலிப்பர் வேண்டும். மேல்கையின் பின்புறம் தோலைக் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்பின் தடிமனை அளப்பார்கள். மடிப்பில் இருப்பது இரண்டு அடுக்கு. ஆகவே, கையை உருளை என்று வைத்துக்கொண்டால், மடிப்பை 3.14ஆல் பெருக்கிச் சுற்றளவிலிருந்து கழிக்க, எலும்பைச் சுற்றிய தசையின் சுற்றளவு மிஞ்சும். இரண்டு குழந்தைகளுக்கும் கை 15 செ.மீ. என்போம். ஒன்றின் மடிப்பு 8 மி.மீ., இன்னொன்றுக்கு 12. முதல் குழந்தைக்குத் தசைச்சுற்று 12.5 செ.மீ.; மற்றதற்கு 11.2தான்.

இந்தச் சின்ன வித்தியாசம் நம் நாட்டில் பெரிய விஷயம். புனே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை மருத்துவர் யாஞ்ஞிக் குழுவினர் இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் வெளியிட்டார்கள். சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5. புனேக் குழந்தைகளுக்கு வயிறும் கையும் வெகுவாக ஒல்லி. முதுகில் தோள்பட்டைக்குக் கீழ் மடிப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பிற்காலச் சர்க்கரை நோய்க்கான வித்து இந்த உடல்வாகில் இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

கிலோ கூடியதும் ‘தேறிட்டான்’ என்று பதிவேட்டை மூடுவது எனக்கு ஒப்பவில்லை. அதற்காக அங்கன்வாடிதோறும் காலிப்பர் கொடுப்பதும் வீண். கிள்ளும் ஆள் மாறினால் அளவும் மாறும். வட்டாரத்துக்கு ஒரு காலிப்பரும் கை பழகிய ஒரு செவிலியரும் போதும். எடை ஏறியும் கை ஏறாத குழந்தைகளை அவரிடம் அனுப்பலாம்.