முனையத் திரையில் நிறம் மறைதல்

எம் கல்லூரியிற் கற்று வெளியேறியோருள், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ குடியிருந்து நாள்தோறும் புறக்கோட்டைக்குச் சென்று வணிகம் புரிவோர் பலர். அவர்களுள் ஒருவர், கெய்சர் தெருவில் மொத்தத் துணி வியாபாரம் நடத்துபவர், சென்ற ஆண்டில் எம்மை அழைத்து, "கடைக் கணினியிற் சிவப்பு நிறம் காணாமற் போய்விட்டது, ஒருக்கால் வந்து பாருங்கள்" என்றார். சிரித்துக்கொண்டே சென்றோம். சென்ற பின்னரே அது சிரிப்பதற்குரிய விடயமன்று என்பது விளங்கிற்று.

அக்கடையின் கணக்குகள் லினக்ஸ் முறைமையில் இயங்கும் ஒரு சேவையகத்தில் உள்ளன. மேசைக் கணினிகளிலிருந்து புட்டி என்னும் மென்பொருளின் வழியாக அதனை அணுகுவர். கரிய திரை, அதில் எழுத்துக்கள் மட்டுமே தோன்றும். பிற்திகதியிட்ட காசோலைகளின் பட்டியலில், வங்கியிற் போடவேண்டிய நாள் வந்துவிட்ட வரி மாத்திரம் சிவப்பாகத் தெரியும். புதிய கணினியொன்றை வாங்கி வைத்த நாள்முதல் எல்லா வரிகளும் ஒரே வெள்ளையாயின. இரண்டு காசோலைகள் நாள் தப்பின. பின்னர்ப் போட்டபோது ஒன்று பணமின்றித் திரும்பியும் வந்தது. பழி முழுவதும் முப்பது ஆண்டுகளாக அங்கே பணிபுரியும் கணக்கப்பிள்ளையின் கண்களின்மேல் விழுந்தது. அவரும் அதனை நம்பி, கண் வைத்தியரிடம் நாள் குறித்துவிட்டார்.

இத்தகைய திரையில் நிறம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை அறிந்தாலன்றி, அது மறைந்த காரணத்தை அறிதல் அரிது. முற்காலத்தில் முனையம் என்பது திரையும் விசைப்பலகையுமாய் அமைந்த தனிப் பொறி. 1978 இல் டிஜிட்டல் ஈக்குவிப்மென்ற் நிறுவனம் வெளியிட்ட விடி100 என்பது அவற்றுட் புகழ்பெற்றது. வரிக்கு 80 எழுத்தாக 24 வரிகளைக் காட்டிய அப்பொறிக்கு நிறம் என்பதே கிடையாது. இன்று அப்பொறிகள் மறைந்தன. அவற்றைப்போல நடிக்கும் மென்பொருள்களே எஞ்சின. புட்டியும் அத்தகைய ஒரு முனையப் போலியே.

சேவையகம் முனையப் போலிக்கு நிறத்தை அனுப்புவதில்லை. எண்ணை மாத்திரமே அனுப்புகின்றது. துணிக்கடையில் நிற அட்டையைப் பார்த்து, "31 ஆம் இலக்கத்தில் பத்துக் கட்டு" என்று கேட்பதை எம் வணிக அன்பர்கள் அறிவர். கேட்பவர் கையிலுள்ள அட்டையும் கொடுப்பவர் கையிலுள்ள அட்டையும் ஒன்றாயின் துணி சரியாக வரும்; இன்றேல் வேறு சாயம் வந்து சேரும். முனையத்திலும் இஃதே வழக்கு. எஸ்கேப் என்னும் கண்ணுக்குத் தெரியாத குறி, அதனையடுத்துத் திறந்த சதுர அடைப்பு, பின்னர் 31, ஈற்றில் எம் என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்து: இவை வந்தால் அதன்பின் வரும் எழுத்துக்கள் சிவப்பாகும். 32 பச்சை, 34 நீலம். 0 வந்தால் பழைய நிலை. எழுத்துக்கு 30 முதல் 37 வரை, பின்னணிக்கு 40 முதல் 47 வரை என எட்டு நிறங்களே முதலில் வகுக்கப்பட்டன. பின்வந்தோர் 256 நிறங்களாகவும், அதற்கு மேலும் பெருக்கினர்.

ஆகவே, நோய் எங்குள்ளது என்று தேடுபவர் திரையிலிருந்து தொடங்குதல் நன்று. அக்குறிகளை நாமே கையால் அனுப்பிப் பார்த்தோம். சொல் சிவப்பாகத் தோன்றிற்று. திரையும் புட்டியும் குற்றமற்றவை என்பது அப்போதே தெளிவாயிற்று. அங்ஙனமாயின் கணக்குச் செய்நிரல் எண்ணை அனுப்பவே இல்லை. ஏன்?

செய்நிரல் திரையைக் காண்பதில்லை. முனையம் தன் பெயராக எதனைக் கூறுகின்றதோ அதனையே அது நம்பும். அப்பெயர் டேர்ம் என்னும் சூழல் மாறியில் வைக்கப்படும். சேவையகத்திலுள்ள ஏட்டில் அப்பெயருக்குரிய ஆற்றல்கள் எழுதப்பட்டிருக்கும். டிபுட் கலர்ஸ் என்னும் கட்டளையை இட்டோம். 8 என்றோ 256 என்றோ வரவேண்டிய விடை, -1 என்று வந்தது. புதிய கணினியைப் பொருத்திய இளைஞர், புட்டியின் முனைய வகைக் கட்டத்தில் விடி100 என்று எழுதியிருந்தார்! முன்னர் வேறோரிடத்தில் அவ்வாறு வேண்டியிருந்ததாம். கைப்பழக்கத்தால் இங்கும் எழுதிவிட்டார். நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட நிறமில்லாப் பொறியின் பெயரைச் சூடி வந்தமையால், சேவையகமும் அதற்கேற்ப நிறத்தை நிறுத்திவிட்டது. எக்ஸ்டேர்ம்-256கலர் என்று மாற்றி மீண்டும் நுழைந்தபோது சிவப்பு வந்தது.

சிலர் இப்பெயரைச் சேவையகத்தின் தொடக்கக் கோப்பிலேயே நிலையாக எழுதிவைப்பர். இதனை யாம் ஏற்கமாட்டோம். அவ்வாறு செய்தால் எந்த முனையம் வந்தாலும் ஒரே பொய்யைச் சொல்லும். நிறமறியாத ஒன்று வரும்போது திரை முழுவதும் குப்பையாகும். பெயரைக் கூறவேண்டியது முனையமே.

நிற்க, வேறு காரணங்களும் உண்டு. வெளியீட்டைக் கோப்புக்கோ வேறொரு கட்டளைக்கோ திருப்பினால், எதிரே முனையம் இல்லையென்று கண்டு பல செய்நிரல்கள் தாமே நிறத்தை விடுத்துவிடும். அது பிழையன்று, நாகரிகம். நிறத்துக்குப் பதிலாக அடைப்பும் எண்ணும் எழுத்தாகவே தெரியின், இடையில் லெஸ் போன்ற பக்கங்காட்டி நிற்கின்றதா எனப் பார்க்க. ஆர் என்னும் ஆங்கிலப் பேரெழுத்தை விருப்பக் குறியாக இட்டால் அது குறிகளை உள்ளபடி விடும். திரை முழுவதும் சிவப்பாகவே நின்றுவிடின், யாரோ 0 அனுப்ப மறந்தனர் என்க. ரீசெற் என்னும் கட்டளை போதும். கரும்பின்னணியில் நீல எழுத்தைப் படிக்க முடியாமை மிகப் பழைய முறைப்பாடு. அங்கே எண் சரி, நிற அட்டைதான் பொருந்தவில்லை. முனையப் போலியின் அமைப்பிலே நீலத்தைச் சற்று வெளிறச் செய்தால் தீரும்.

சிவப்பு மீண்டபின் முதலாளி மகிழ்ந்தார். எமக்கு மனம் அமையவில்லை. நாள் வந்த காசோலை என்னும் செய்தியை நிறம் ஒன்றே சுமந்து நின்றது. கறுப்பு மையில் அச்சிடும்போது அது போய்விடும். ஆண்களுட் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிறவியிலேயே வேறுபடா. ஆகவே, செய்நிரலை எழுதியவரிடம் சொல்லி, அவ்வரிகளின் முன்னே ஓர் உடுக்குறியும் இடச் செய்தோம். அரைமணி நேர வேலை.

முதலாளி கணக்கப்பிள்ளையை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும், "ஐயா, பிழை உங்களுடையதன்று" என்றார். கண் வைத்தியரிடம் செல்லும் நாளை நீக்கிவிட்டீர்களா என்று அடுத்த வாரம் அவரைக் கேட்டோம். "இல்லைத் தம்பி, அறுபத்தெட்டாகிவிட்டது, எப்படியும் ஒருநாள் காட்டத்தானே வேண்டும்" என்றார்.