பெயர் ஒன்று, செடி இரண்டு: ஏட்டு மருந்தைச் சரியாகப் படிப்போம்

குமரி மாவட்டத்து வடசேரியில் நாட்டுமருந்து வாங்குபவருக்கு இரண்டு மரபுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மண் இது. தமிழ் ஏடுகளின் சித்த மருத்துவமும் மலையாள வழி ஆயுர்வேதமும் இங்கே அக்கம்பக்கமாகப் புழங்குகின்றன. பக்கத்துக் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி, பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி. இது நமக்கு வாய்த்த கொடை. ஆனால் பழைய நூலின் சொல்லை இன்றைய உடலுக்குப் பொருத்தும்போது பிழை நேர்ந்தால், மருந்தே நோயாகிவிடும்.

எந்தப் பற்படாகம்?

காய்ச்சலுக்குக் குடிக்கும் நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள். அவற்றில் ஒன்று பற்படாகம். தமிழ்நாட்டில் அந்தப் பெயருக்கு உரியது நூல்போல மெலிந்த தண்டுள்ள ஒரு சிறு செடி. கேரளத்தில் பர்ப்படகம் என்றால் முற்றிலும் வேறு குடும்பத்துச் செடி. வடஇந்தியாவில் மூன்றாவது ஒன்று. இரண்டு மொழி கலக்கும் நம் மாவட்டத்தில், பெயரை மட்டும் சொல்லிச் சரக்கு வாங்குவது போதாது.

பெல்ஜியத்தில் பழுதான சிறுநீரகங்கள்

பெயர்க் குழப்பம் என்ன செய்யும் என்பதைச் சீன மருத்துவம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுக்கும் மேல். ‘ஹான் ஃபாங் ஜி’ சேர வேண்டிய இடத்தில் ‘குவாங் ஃபாங் ஜி’ சேர்ந்திருந்தது. பெயரில் ஓர் அசைதான் வேறுபாடு. பின்னதில் இருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அரித்தது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது.

இது எங்கோ நடந்த கதையல்ல. நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈச்சுரமூலியும் அதே இனத்துச் செடிகள். பழைய நூல்களில் இவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் இந்த இனத்து மூலிகை மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பூச்சிக்கோ விஷக்கடிக்கோ இவற்றை வீட்டில் அரைத்துக் குடிக்கவே கூடாது. பாம்பு கடித்தால் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கொதித்தால் கெடும் மருந்து

சரியாகப் படித்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் சீனத்திலேயே சான்று உண்டு. 1967-இல் தொடங்கிய மலேரியா மருந்து ஆய்வில் பின்னர் சேர்ந்த சீன ஆய்வாளர் தூ யூயூ பழைய நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கே ஹோங், ‘சிங்ஹாவ்’ மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தார். காய்ச்சச் சொல்லவில்லை. சூடு பட்டால் மருந்து கெடுமோ என்று ஐயுற்ற தூ யூயூ, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சத்தைப் பிரித்தார். விலங்குகளில் சோதித்து, தாமே உட்கொண்டு பார்த்து, அதன் பிறகே நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏடு வழி காட்டியது. சோதனை அதை உறுதி செய்தது.

நம் மரபிலும் செய்முறைதான் மருந்தின் உயிர். குடிநீர் எனும் கசாயத்துக்கு ஆயுள் மூன்று மணி நேரம் என்பது சித்த மருத்துவக் கணக்கு. காலையில் காய்ச்சியதை இரவுவரை வைத்துக் குடிப்பது அந்தக் கணக்குக்கே புறம்பானது.

பித்தம் என்பது பித்தநீர் மட்டுமல்ல

சீன மருத்துவர் ‘சிறுநீரகம் பலவீனம்’ என்றால், வளர்ச்சி, எலும்பு, பிள்ளைப்பேறு வரை அதில் அடங்கும். ஆனால் ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் சரியாகவே இருக்கலாம். வாதம், பித்தம், கபமும் அப்படிப்பட்ட சொற்களே. உடலின் போக்கை அவை சொல்கின்றன. கிருமியின் பெயரைச் சொல்வதில்லை. சித்தர் யூகி முனிவர் சுரத்தை 64 வகையாகப் பிரித்தது குறிகுணங்களை வைத்து. 15 சரக்குகள் சேரும் கபசுரக் குடிநீர் 2020-இல் தமிழகமெங்கும் வழங்கப்பட்டது. ஆனால் கபசுரமும் கொரோனாவும் ஒன்றே என்று ஏடு சொல்லவில்லை. அது நம் காலத்துப் பொருத்தம். ஆகவே காய்ச்சல் வந்தால் குடிநீர் குடித்தாலும் டெங்குப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

மாத்திரையோடு மூலிகை

ஏடு எழுதிய காலத்தில் ரத்தக்கொதிப்பு மாத்திரை கிடையாது. இருமலுக்கு நாம் வாயில் அடக்கும் அதிமதுரத்தின் இனமே சீனக் கூட்டுமருந்துகள் பலவற்றிலும் சேர்கிறது. அளவு மீறினால், நாள்பட்டால், அது ரத்த அழுத்தத்தை ஏற்றி உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். மிளகிலுள்ள பைப்பரின், வலிப்புக்குத் தரும் பெனிடோயின் போன்ற மருந்துகள் ரத்தத்தில் சேரும் அளவைக் கூட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

• பட்டம் பெற்ற, பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரையே அணுகுங்கள்.
• சீட்டில் தாவரவியல் பெயரையும், வேரா இலையா என்பதையும் எழுதித் தரக் கேளுங்கள்.
• சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். மூலிகை சாப்பிடுவதை டாக்டரிடமும் மறைக்காதீர்கள்.
• கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரக நோயாளிகளுக்குக் கைமருந்து வேண்டாம்.
• சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ, முகம் வீங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

முன்னோர் ஒவ்வொரு சரக்கையும் பார்த்து, முகர்ந்து, சுவைத்து அறிந்த பிறகே ஏட்டில் எழுதினார்கள். அந்தக் கவனத்தையும் சேர்த்துக் கைக்கொண்டால்தான் அவர்கள் தந்த மருந்து நமக்கு மருந்தாகும்.