‘சேவ்’ பண்ணி வைத்த அப்பாவின் காணொளி

அப்பா இறந்தது 2020 மே மாதம். மார்ச் 18-ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இன்னும் முழுதாக விலகாத நேரம். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டிலிருந்து சற்று தூரம் வண்டியில் போனால் செனிபோங். அங்கே கடலோரத்தில் நின்றால் எதிரே சிங்கப்பூர் தெரியும். அந்தக் கரையில், செம்பவாங்கில் ஒரு வாடகை அறையில் இருந்தான் என் தம்பி. கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் எல்லை மூடிக் கிடந்தது. வந்தால் தனிமைப்படுத்தல், திரும்பிப் போனால் மறுபடியும் தனிமைப்படுத்தல். அவனால் வர முடியவில்லை.

வீட்டில் கூடியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். எல்லார் முகத்திலும் கவசம். சின்ன மாமா தன் கைப்பேசியைப் பூந்தொட்டி மேல் சாய்த்து வைத்து முகநூலில் நேரலை போட்டார். மொத்தம் 47 நிமிடம். தம்பி தன் அறையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் நான் என் கைப்பேசியில் அவனை அழைத்து, அதை அப்பாவின் காதருகே பிடித்தேன். அவன் பேசினான். அந்தக் காட்சியும் மாமாவின் நேரலையில் விழுந்திருக்கிறது, 31-ஆவது நிமிடத்தில்.

அன்றிரவே அந்தக் காணொளியில் ‘சேவ்’ என்றிருந்ததை அமுக்கினேன். பத்திரமாகிவிட்டது என்று நினைத்தேன்.

2025-இல் அப்பாவின் ஐந்தாம் ஆண்டுத் திதி நெருங்கும்போது தம்பி அழைத்தான். “அக்கா, மாமா எடுத்த வீடியோ இன்னும் இருக்கா? அன்னைக்கு அப்புறம் நான் அதைப் பார்க்கவே இல்ல. இந்தத் தடவை பார்க்கலாம்னு தோணுது.”

“இருக்குடா. சேவ் பண்ணித்தான் வச்சிருக்கேன்” என்றேன்.

சொல்லிவிட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. முகநூலின் உரிமையாளரான மெட்டா நிறுவனம் அந்தப் பிப்ரவரியில் வெளியிட்டிருந்த அறிவிப்பைத் தற்செயலாகப் படித்தேன். 2025 பிப்ரவரி 19 முதல் முகநூலில் போடும் நேரலைகள் 30 நாள் மட்டுமே அங்கே இருக்கும், பிறகு தாமாக நீங்கிவிடும். பழைய நேரலைகளும் கட்டங்கட்டமாக நீக்கப்படும். நீக்குவதற்கு முன் உரியவருக்கு மின்னஞ்சலிலும் செயலியிலும் தகவல் வரும். அதிலிருந்து 90 நாளுக்குள் அவர் இறக்கிக்கொள்ளலாம். வேண்டுமானால் ஆறு மாதம் தள்ளிப்போடவும் வழி உண்டு. இதுதான் சாரம்.

படித்ததும் பதறிப்போய் என் ‘சேவ்’ பட்டியலைத் திறந்தேன். காணொளி இருந்தது. ஆனால் அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அது என் கைப்பேசியில் இல்லை. முகநூலிலும் டிக்டாக்கிலும் இன்ஸ்தாகிராமிலும் பிடித்த பதிவைக் குறித்து வைக்கிற பொத்தான் எதையும் நம் கைக்குக் கொண்டுவந்து தருவதில்லை. இன்ன புத்தகம் இன்ன அலமாரியில் இருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவது போலத்தான். புத்தகத்தை அங்கிருந்து எடுத்துவிட்டால் சீட்டு மட்டும் நம்மிடம் மிஞ்சும். ஐந்து வருடமாக நான் வைத்திருந்தது அந்தச் சீட்டு.

காணொளி மாமாவின் கணக்கில் இருந்தது. இறக்கிக்கொள்ளும் வசதியும் எச்சரிக்கையும் அவருக்குத்தான் வரும், எனக்கு வராது. என்னால் பார்க்க மட்டுமே முடிந்தது. சரி, பார்க்க முடிகிறபோதே திரையைப் பதிவு செய்துவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் முறை 47 நிமிடமும் ஓடவிட்டுப் பதிவு செய்தேன். போட்டுப் பார்த்தால் ஊமைப் படம். பதிவைத் தொடங்குமுன் கைப்பேசி கேட்கும், ‘ஒலி வேண்டாமா, செயலியின் ஒலி மட்டுமா, மைக்கும் சேர்த்தா’ என்று. நான் கவனிக்காமல் ‘ஒலி வேண்டாம்’ என்பதில் விட்டிருக்கிறேன். இரண்டாம் முறை 28-ஆவது நிமிடத்தில் பள்ளி வேன் அண்ணன் புலனத்தில் அழைத்தார், எல்லாம் போச்சு. விமானப் பயன்முறையில் போட்டு வைஃபையை மட்டும் திறந்தாலும் புலன அழைப்பு வரத்தான் செய்யும். ‘தொந்தரவு செய்யாதே’ பயன்முறையை இயக்க வேண்டும், அறிவிப்புகளையும் அடக்க வேண்டும். மூன்றாம் முறை ஒலியோடு கிடைத்தது. ஆனால் எங்கள் இணைய வேகத்துக்கு ஏற்ப காணொளி தன் தரத்தைக் குறைத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. அப்பாவின் முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. தம்பியின் குரல், அதுவும் கைப்பேசி ஸ்பீக்கரிலிருந்து வந்த குரல், சரியாகக் கேட்கவில்லை. இது ஒன்றுமில்லாததற்கு ஒரு நகல், அவ்வளவுதான்.

இந்த நேரத்தில் என் மகன் ஒரு யோசனை சொன்னான். இணைப்பை ஒட்டினால் காணொளியை இறக்கித் தரும் தளங்கள் இருக்கின்றன, ஒரு ஏபிகே கோப்பை நிறுவினால் இன்னும் சுலபம் என்று. வேண்டாம் என்று அதட்டினேன். கல்யாண அழைப்பிதழ் என்று புலனத்தில் வந்த ஏபிகே கோப்பைத் திறந்து வங்கிப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட கோப்பு குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்கும், கொடுத்துவிட்டால் வங்கியின் டேக் எண்ணும் அவர்கள் கைக்குப் போய்விடும். தெரியாமல் நிறுவிவிட்டால் இணையத்தை அணைத்து, உடனே வங்கியையும் 997 என்ற தேசிய மோசடி எதிர்வினை மையத்தையும் அழையுங்கள். உலாவியில் ஓடும் தளங்களிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதோடு, மாமா நண்பர்களுக்கு மட்டும் காட்டிய காணொளியை அவை எடுத்துத் தரவும் செய்யாது. ‘உங்கள் கணக்கில் நுழையுங்கள்’ என்று அங்கே ஒரு பெட்டி வந்தால் அதோடு வெளியேறிவிட வேண்டும்.

ஆக, மாமாவிடமே போக வேண்டும். மாசாயில் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன்.

“முகநூலா? அந்த போன விட்டே நாலு வருஷமாச்சேம்மா.”

“கடவுச்சொல் என்ன மாமா?”

“அது கைப்பேசிக் கடைப் பையன் போட்டுக் குடுத்தது. ஈமெயிலும் அவன்தான் திறந்தான். எனக்கு எங்க தெரியும்?”

சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். பழைய ப்ரீபெய்ட் எண் காலாவதியாகிவிட்டதால், அதற்குக் குறியீடு அனுப்பி மீட்பதற்கும் வழியில்லை.

அப்போது அத்தை மேசை இழுப்பறையிலிருந்து பழைய கைப்பேசியை எடுத்து வைத்தார். கடையில் கொடுத்து ரீசெட் செய்து பேரனுக்கு விளையாடத் தரலாம் என்று மாமா எண்ணியிருந்தாராம். நல்லவேளை, சோம்பலில் விட்டுவிட்டார். ரீசெட் செய்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கடவுச்சொல் தெரியாத கணக்குக்குப் பழைய கைப்பேசிதான் சாவி. ஏற்கெனவே உள்ளே நுழைந்த நிலையில் அது இருந்தால் ‘லாக் அவுட்’ பக்கம் கையே வைக்கக் கூடாது. (இழுப்பறையில் கிடந்த கைப்பேசியைச் சார்ஜ் போடுமுன் பின்பக்கம் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் போடாதீர்கள், கடைக்காரரிடம் கொடுங்கள்.)

அது உப்பவில்லை. பழைய மாதிரி சார்ஜர் தேடி எடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தோம். முகநூல் செயலி மாமாவின் பெயரோடு வந்து நின்றது. ஆனால் புதுப்பிக்கச் சொன்னது. புதுப்பிக்க இடமில்லை. 16 ஜிபி கைப்பேசி முழுக்கக் காலை வணக்கப் படங்கள்! ரோஜாப்பூ, பிள்ளையார், தேநீர்க் கோப்பை. புலனத்தின் அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதிக்குப் போனால், எந்தக் குழு எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். ஒரே ஒரு குடும்பக் குழுவை மட்டும் சுத்தம் செய்தோம், மூன்று ஜிபிக்கு மேல் கிடைத்தது. மாமாவுக்குத்தான் மனசே இல்லை.

செயலியைப் புதுப்பித்ததும் மணிச் சின்னத்துக்குள் அந்த அறிவிப்பு இருந்தது. நாள் இன்னும் மிச்சம். முதலில் தள்ளிப்போடும் வழியைப் பயன்படுத்தி மூச்சு விட்டுக்கொண்டோம். பிறகு இறக்கத் தொடங்கினோம்.

முதல் முயற்சி பாதியில் நின்றது. திரை அணைந்து கைப்பேசி உறங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோப்பு ஒன்று வந்திருந்தது, பெயரும் இருந்தது, தொட்டால் 12 நிமிடத்தோடு நின்றது. இந்த இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறுவார்கள். கோப்பு வந்துவிட்டது என்று நம்பி மூலத்தை அழித்துவிடுவார்கள். கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்க்காமல் எதையும் நம்பக் கூடாது. மறுபடியும் சார்ஜரைச் செருகி, திரை அணையாமல் வைத்து, சிம் தரவை நிறுத்தி வைஃபையில் மட்டும் இறக்கினோம். ‘முடிந்தது’ என்றது. படத்தொகுப்பில் தேடினால் இல்லை. மாமா தலையில் கை வைத்துவிட்டார். அது ‘டவுன்லோட்ஸ்’ என்ற கோப்புறையில் உட்கார்ந்திருந்தது. ஐபோனிலும் இதே குழப்பம் உண்டு. சஃபாரியில் இறக்கியது ‘ஃபைல்ஸ்’ செயலிக்குள் போகும், ‘ஃபோட்டோஸ்’ பக்கம் வராது.

முக்கால் ஜிபி அளவு. புலனத்தில் சாதாரண காணொளியாக அனுப்பினால் அது நசுக்கி அனுப்பும். ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் 2 ஜிபி வரை உள்ளது உள்ளபடி போகும். அப்படித்தான் என் கைப்பேசிக்கு மாற்றினேன். பிறகு மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று. நேரலையின் கீழே உறவுக்காரர்கள் எழுதிய ஆறுதல் வார்த்தைகள் கோப்போடு வராது. அவற்றைத் திரைப்படம் பிடித்து வைத்தேன். எழுதியவர்களில் இருவர் இன்று இல்லை.

பெரிய கல்யாணக் காணொளி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பென்டிரைவில் இடம் இருந்தும் ‘கோப்பு பெரிது’ என்று மறுத்தால், அது ஃபேட்32 வகையில் இருக்கும். 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் வகைக்கு ஃபார்மட் செய்தால் ஏற்கும்.

இளையவர்கள் முகநூலை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, தெரியும். டிக்டாக்கில் சேமிக்கும் வழி தெரியவில்லை என்றால், பதிவு செய்தவர் அதைத் தடுத்து வைத்திருக்கலாம். அவரிடம் கேளுங்கள், அது அவருடைய பொருள். உங்கள் ‘டிராஃப்ட்’ காணொளிகள் உங்கள் கைப்பேசியில் மட்டுமே இருப்பவை, செயலியை அகற்றினால் அவையும் போய்விடும். இன்ஸ்தாகிராமில் சினிமாப் பாட்டுச் சேர்த்துப் போட்ட உங்கள் ரீல்ஸை இறக்கினால் ஒலியில்லாமல் வரலாம். அது பழுதல்ல, பாட்டின் உரிமை சார்ந்த விஷயம். ஆகவே, போடுமுன்னரே மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளைத் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் அதில் பாடி, ஆடி, நடித்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். மூலத்தைக் கையில் வைத்திராதவர்களுக்கு ஒரே இரவில் கதவு அடைபட்டது. மைஸ்பேஸ் என்று ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த தளம், சர்வர் மாற்றும்போது பழைய பாடல்களும் படங்களும் காணொளிகளும் தொலைந்துவிட்டன என்று 2019-இல் ஒப்புக்கொண்டது. அவற்றை மேலே ஏற்றியவர்களில் யாராவது ‘இது எங்கே போகப்போகிறது’ என்று நினைக்காமல் இருந்திருப்பார்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திதிக்கு முதல் நாள் இரவு தம்பி வந்தான். பாலத்தில் இரண்டு மணி நேர நெரிசல், முகமெல்லாம் களைப்பு. சாப்பிட்டுவிட்டு வெளித் திண்ணைக்குப் போய் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டான். நான் கூடப் போகவில்லை. ஜன்னல் வழியாக அவன் முதுகு மட்டும் தெரிந்தது.

அரை மணி நேரத்துக்குப் பிறகு உள்ளே வந்து, ஒலிக்கருவியை என் காதில் வைத்தான். 31-ஆவது நிமிடம். அவன் குரல் என் கைப்பேசியிலிருந்து மெல்லியதாக “அப்பா” என்கிறது. பக்கத்தில் அம்மா குனிந்து அந்தக் கைப்பேசியைப் பார்த்துச் சொல்கிறார்: “சத்தமா சொல்லுய்யா. அப்பாவுக்குக் கேட்கல.”

அன்றைக்கு அழைப்பில் அது அவனுக்குக் கேட்கவே இல்லையாம். பின்னால் ஓட்டி, அந்த இடத்தை மறுபடியும் போட்டான்.